ஒரு சட்டிக் கனல்

எங்கள் வீட்டு ஃபயர்பிளேஸில் பிள்ளையார் குடியிருந்தார். ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கியபோது பூஜைக்கு எந்த இடம் என்று என் கணவர் கேட்க, ஹாலிலேயே சுவரில் அழகாக ஒரு மாடம் கட்டி வைத்திருக்கிறார்களே, இதைவிட என்ன வேண்டும் என்று சொன்னவள் நான்தான். ஆறு மாதம் வெயிலில் வறுபடுகிற டெக்சாஸில் யார் நெருப்பு மூட்டிக் குளிர்காயப் போகிறார்கள்? புகைபோக்கி வழியாகப் பூச்சி வருகிறது என்று அதையும் அட்டை வைத்து அடைத்து டேப் ஒட்டினோம். கல் பிள்ளையாரும் இரண்டு குத்துவிளக்குகளும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. வந்தவர்கள் எல்லாரும் நல்ல ஐடியா என்றார்கள். எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் சாமி ஃபயர்பிளேஸுக்குக் குடிபோனது அதற்குப் பிறகுதான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு.

கிரகப்பிரவேசத்தன்று கணபதி ஹோமம் செய்தோம். புகை வந்தால் அலாரம் கத்தும், முன்கூட்டியே கழற்றிவிடுங்கள் என்று கோயிலிலிருந்து வந்த குருக்கள் சொல்லியிருந்தார். கூரையில் இருந்த ஐந்து அலாரத்தையும் கழற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு கராஜில் வைத்தோம். ஹோமம் நல்லபடியாக முடிந்தது. அலாரங்கள் திரும்பக் கூரைக்குப் போகவில்லை. மாட்டலாம் என்று அவர் ஏணியை எடுத்தபோதெல்லாம் நான், "அப்புறம் நான் வத்தக்குழம்பு தாளிச்சா ஃபயர் இன்ஜின் வரும், பரவாயில்லையா?" என்று கேட்பேன். அவர் ஏணியை வைத்துவிடுவார். எங்கள் ஊர்க்காரர்கள் பல பேர் வீட்டில் இதுதான் கதை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டெக்சாஸ் மொத்தமும் உறைந்துபோன அந்த பிப்ரவரியில் எங்கள் மகளுக்குப் பதினெட்டு நாள் வயது.

பிரசவத்துக்கு அம்மா வந்திருக்க வேண்டும். கொரோனாவால் விசா நேர்காணல்கள் நின்றுபோயிருந்த காலம் அது. பெட்டி கட்டி, பத்திய மருந்தெல்லாம் இடித்து வைத்துவிட்டு, ஈரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். வர முடியவில்லையே என்கிற ஆற்றாமை முழுவதையும் போனில் உத்தரவுகளாக இறக்கினாள். காதில் பஞ்சு வை, தலையில் துணி கட்டு, ஜன்னலைத் திறக்காதே, பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது. நான் சாதாரணமாக யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் அம்மா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் இல்லாததற்கு நான் செய்துகொண்ட ஈடு அது.

மூன்று வீடு தள்ளி ஒரு ஆன்ட்டி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நியூ ஜெர்சியில் பல காலம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கணவரோடு இங்கே வந்தவர். குழந்தையைப் பார்க்க வந்த அன்று அவர் என் காதிலிருந்த பஞ்சைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு, "இதென்ன கோலம்? ஜன்னலைத் திறந்து வையும், பிள்ளைக்குக் காத்து வேணும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். என் வீட்டுக்கு வந்து என் காதுப் பஞ்சை எடுக்க இவர் யார்? அவர் படியிறங்கியதும் புதுப் பஞ்சாக எடுத்து வைத்துக்கொண்டேன். கதவையும் கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்தினேன்.

திங்கட்கிழமை காலை கரண்ட் போனது. வெளியே பார்த்தால் தெரு முழுக்க வெள்ளை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம். மத்தியானம் ஆனபோது வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு, ஹீட்டர் எல்லாமே கரண்டில் ஓடுகிறவை. ஒரு கப் வெந்நீருக்குக்கூட வழியில்லை. கால் மணி நேரம் கரண்ட் வரும், பிறகு அரை நாள் வராது. ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. சாலைகள் எல்லாம் கண்ணாடி போட்ட மாதிரி பனிக்கட்டி. அதில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

எனக்கு வேறு எதைப் பற்றியும் கவலை இல்லை. குழந்தையின் மூக்கு நுனியும் விரல்களும் சில்லிட்டுக் கிடந்தன. மூன்று சட்டை, இரண்டு குல்லா, என் பழைய காட்டன் புடவை, அதன்மேல் கம்பளி என்று சுற்றியும் சூடு ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பால் குடிக்கக்கூட சோம்பினாள். இவளை எப்படியாவது கதகதப்பாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் எக்கேடு கெட்டுப் போகட்டும்.

ஆன்ட்டியிடமிருந்து போனில் செய்தி வந்தது. தன் வீட்டில் காஸ் அடுப்பு எரிகிறது, உடனே வாருங்கள் என்று. நான் பதில் போடவில்லை. அங்கே போனால் ஜன்னலைத் திறப்பார், பஞ்சை எடுப்பார். கணவர், "அப்ப வாசல்ல நிக்கற கார்ல ஹீட்டர் போட்டு உக்காரலாமே, டேங்க்ல பாதி பெட்ரோல் இருக்கு" என்றார்.

"பச்ச உடம்போட பனியில நடந்து போய் கார்ல உக்காரவா? எங்கம்மா கேட்டா என்னைத் திட்ட மாட்டாங்க, உங்களைத்தான் திட்டுவாங்க" என்றேன்.

பிள்ளையாரை நகர்த்திவிட்டு ஃபயர்பிளேஸை மூட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கும் நான் முறைத்தேன். விறகுக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்.

போனில் கடைசி மிச்சம் சார்ஜ் இருந்தபோது அம்மாவைக் கூப்பிட்டேன். கேட்டதும் பதறினாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"கண்ணு, நாஞ் சொல்றதக் கேளு. கரி இருக்குதா அங்க? நீ மார்கழில பொறந்தவ. கனலு போட்டுத்தான் உன்னைய வெச்சிருந்தேன். இரும்புச் சட்டில கனல வெச்சு, சாம்பிராணியத் தூவி, காத்து வராமக் கதவச் சாத்திப்போடு. புள்ள கதகதன்னு தூங்கும் பாரு."

கரி இருந்தது. கோடையில் கொல்லைப்பக்கம் சோளம் சுட வாங்கிய மூட்டையில் பாதி மிச்சம். கணவர் வெளியே பனியில் நின்று கிரில் அடுப்பில் அதை மூட்டினார். கனிந்ததும் பலகாரம் சுடுகிற என் இரும்புச் சட்டியில் அள்ளி எடுத்து வந்தார். படுக்கையறை பெரிது, சூடு நிற்காது. அதனால் துணிமணி வைக்கிற குளோசெட்டுக்குள் போனோம். நாலு பேர் உட்காரலாம், ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினோம். கீழ் இடுக்கில் குளிர் வருகிறது என்று ஈரத் துண்டை மடித்துச் செருகியவள் நான்.

அம்மா என்னைக் கனல் போட்டு வளர்த்த வீடு ஓட்டு வீடு. கதவைச் சாத்தினாலும் ஓட்டுக்கு இடையில் நூறு சந்து. அமெரிக்காக்காரன் கட்டிய வீட்டில் ஒரு எறும்பு மூச்சு விடும் இடுக்குகூடக் கிடையாது. இது எனக்குப் பின்னால் புரிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஒரு படி மேலே போய், துண்டெல்லாம் செருகிப் பக்காவாகச் செய்தேன்.

ஆனால் அந்த முதல் அரை மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் வெறுக்க முடியவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு விரல்களில் உயிர் வந்தது. சாம்பிராணி புகைந்ததும் அம்மா அந்தச் சின்ன அறைக்குள் எங்கோ இருக்கிற மாதிரியே இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு முதல் முறையாக அழுதேன். சந்தோஷ அழுகைதான். குழந்தை கன்னம் சிவந்து, அசையாமல் தூங்கினாள். கணவர் கோட்டுகளின்மேல் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். எனக்குத் தலை வலித்தது. இரண்டு நாள் தூக்கமில்லை, வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது, எழுப்ப வேண்டும் என்றும் நினைத்தேன். கைதான் எழவில்லை.

மூன்று மணி இருக்கும். ஆன்ட்டி ஒரு ஃபிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணீர் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். செய்திக்குப் பதில் வரவில்லை, பெல் வேலை செய்யவில்லை, தட்டியும் திறக்கவில்லை. கரண்ட் இல்லாமல் கையால் தூக்கிய கராஜ் கதவை நாங்கள் சரியாக இறக்கியிருக்கவில்லை. அதன் வழியாகக் குனிந்து உள்ளே வந்து, வீடு முழுக்கத் தேடி, சாம்பிராணி வாசனையைப் பிடித்துக் குளோசெட் கதவைத் தள்ளினார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யாரோ என் மடியிலிருந்து குழந்தையை எடுக்கிறார்கள். நான் விடவில்லை.

"பிள்ளையைத் தாரும். ஒண்டும் கதைக்க வேண்டாம், வெளிய வாரும்."

நான் அவர் கையில் அடித்தேன். ஒரு அடி இல்லை, மூன்று நாலு அடி. பச்சைப் பிள்ளையைப் பனியில் கொண்டுபோகிறாரே என்று ஆத்திரம்.

"அடியும், பிறகு ஆறுதலா அடியும். இப்ப எழும்பும். தம்பி, நீரும் எழும்பும்" என்று கணவரைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் குழந்தையோடு ஓடினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வாசலில் வாந்தி எடுத்தேன். கணவரும் தள்ளாடிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார். வெறுங்காலோடு பனியில் நின்று பார்த்தபோது, ஆன்ட்டி தன் கோட்டைத் திறந்து குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்து, முகத்தை மட்டும் குளிர் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தார். குழந்தை அழவில்லை. அவர் மறுபடி சுண்டினார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் எதற்கும் காத்திருந்ததில்லை.

பிறகு அழுதாள். மெல்லிய குரலில் ஆரம்பித்து, தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆன்ட்டி போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் சங்கிலி கட்டிய சக்கரத்தோடு ஊர்ந்து ஊர்ந்து வந்தது. மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கரியிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, புகை அலாரத்திலேயே அதற்கும் கருவி உண்டே, வீட்டில் அது அடிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு நாள் வைத்திருந்து, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அங்கிருந்து நேராக ஆன்ட்டி வீட்டுக்குத்தான் போனோம். அந்த மூன்று நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. நாலு குடும்பம், பதினாலு பேர். அதுவரை அந்தத் தெருவில் யாருடைய முகமும் எனக்குச் சரியாகத் தெரியாது. கராஜ் கதவு ஏறும், கார் உள்ளே போகும், கதவு இறங்கும், அவ்வளவுதான் பழக்கம். இப்போது எல்லாரும் ஒரே ஹாலில் வரிசையாகப் படுத்துக்கிடந்தோம். குழாய் உறைந்து தண்ணீர் நின்றபோது பிள்ளைகள் இட்லிப் பானையில் பனியை அள்ளிவந்து கொடுத்தார்கள். அதை உருக்கித்தான் கழிவறைக்கு ஊற்றினோம். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளைகள், ரசத்துக்கு மட்டும் "இன்னும் ஊத்துங்க" என்று தமிழிலேயே கேட்டார்கள். அடுப்பு எரியும்போதெல்லாம் ஆன்ட்டி ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்தே வைத்திருந்தார். அவர் வீட்டுக் கூரையில் அலாரம் இருந்தது. தாளிக்கும்போது கத்தவும் செய்தது. அங்கிள் ஒரு துண்டை எடுத்து அதற்கு விசிறிக்கொண்டே நிற்பார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் ஆன்ட்டி பழைய கதை சொல்வார். "நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்த முதல் குளிருக்கு, ஒரே வீட்டில இருந்த நாலு குடும்பத்துக்கும் சேர்த்து எங்களிட்ட நல்ல கோட்டு ஒண்டுதான். ஆருக்கு வேலைக்கு இன்டர்வியூவோ அவைக்கு அந்தக் கோட்டு. பிள்ளையார் கோயில் உண்டியல் மாதிரி எல்லாருக்கும் பொதுவா அது கதவுக்குப் பின்னால தொங்கும்." குட்டையான ஒரு மாமா போட்டால் அது கணுக்கால் வரை வருமாம். அவருக்குத்தான் முதலில் வேலை கிடைத்ததாம். அங்கிளுக்குப் பனிக்கால வித்தைகள் அத்தனையும் தெரிந்திருந்தன. கார் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றப் போன என் கணவரின் கையைப் பிடித்து நிறுத்தியதும் அவர்தான். ஊற்றியிருந்தால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும்.

நான் ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். என் அடி பட்ட இடத்தைத் தடவிக் காட்டி, "நல்ல பெலம் உமக்கு. மூண்டு வார உடம்பெண்டு ஆர் சொல்லுவினம்?" என்றார். அதன் பிறகு நான் காதில் பஞ்சு வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் கிடந்த போனை எடுத்துவந்து சார்ஜ் ஏற்றியதும் அம்மாவைக் கூப்பிட்டேன். மூன்று நாளாகச் சாப்பிடாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக அப்பா சொன்னார். அம்மா போனை வாங்கி, பாப்பா எப்படியிருக்கிறாள் என்று மூன்று முறை கேட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது?

"நல்லா இருக்காம்மா. நீ சொன்ன மாதிரிதான் செஞ்சோம்" என்றேன். பொய் இல்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். விசா கிடைக்காமல் போனதற்கு அவளுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு அது. அமெரிக்காவே உறைந்து கிடந்தபோது, ஈரோட்டிலிருந்து போனிலேயே பேத்தியைக் காப்பாற்றினேன் என்று கல்யாணத்தில், காதுகுத்தில், பஸ் ஸ்டாண்டில் எல்லாம் சொன்னாள். மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊருக்குப் போயிருந்தபோது என் முன்னாலேயே சொன்னாள். உறவுக்காரர்கள் என் முகத்தைப் பார்க்க, நான் தலையாட்டினேன். ஒரு தாய்க்கு இந்தச் சின்னப் பெருமையைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா உற்சாகமாகப் பேசினாள். என் சித்தி மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஜனவரியில் பிரசவம்.

"அவ குளுரு, குளுருங்கறா. நாஞ் சொல்லிட்டேன், கரி வாங்கி வெச்சுக்க கண்ணு, கரண்டு போனா அக்கா செஞ்ச மாதிரியே செய்யின்னு. வாங்கியும் வெச்சுட்டாளாம்."

அம்மாவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, உடனே அந்தத் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் வீட்டு அலாரம் எங்கே என்று முதலில் கேட்டேன். தாளிக்கும்போது கத்துகிறது என்று கழற்றி டிராயரில் வைத்திருக்கிறாளாம். நடந்தது எல்லாவற்றையும் சொல்லி, போனை வைக்காமலே அதைக் கூரையில் மாட்டச் சொல்லி, பட்டனை அழுத்தி அது கத்துவதைக் கேட்ட பிறகுதான் விட்டேன்.

அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். இவளுக்குச் சொன்னவள் இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாளோ. திரும்பக் கூப்பிட்டேன். குளோசெட், துண்டு, ஆன்ட்டி, ஆஸ்பத்திரி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். நடுவில் லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அப்ப நாந்தான் புள்ளயக் கொல்லப் பாத்தனா?"

"இல்லம்மா. கதவச் சாத்துனது நான். துண்டு வெச்சது நான். அலாரத்தக் கழட்டுனது நாங்க. உனக்கு இந்த வீடு எப்படி இருக்கும்னு எப்படித் தெரியும்? சொல்லாம இருந்ததுதான் என் தப்பு."

"அந்தம்மா நல்லா இருக்கோணும்" என்றாள். அதற்குப் பிறகு அம்மாவின் வழக்கமான குரல் வந்துவிட்டது. "சரி, வெய்யி. நான் யார் யார்த்துகிட்டச் சொன்னேன்னு யோசிக்கோணும். கனடாக்காரிகிட்டச் சொல்லியிருக்கறேன். லண்டன்ல ஒருத்திகிட்டச் சொல்லியிருக்கறேன். எல்லாத்தையும் கூப்புட்டுப் பேசோணும்."

அன்று முழுவதும் அம்மாவின் போன் பிஸியாகவே இருந்தது. மாலையில் தங்கை மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, பெரியம்மா பேசினாங்க. கரி மூட்டைய வீட்டுக்குள்ளயே வைக்காத, வெளிய தூக்கிப் போடுன்னாங்க. நான் சொன்னது தப்பு, என் பேத்தி செத்துப் பொழச்சான்னு சொல்லி அழுதுட்டாங்கக்கா. எல்லார்கிட்டயும் இப்படித்தான் அழுதுட்டே சொல்றாங்களாம்."

என்னிடம் பேசியபோது அம்மா அழவில்லை.